கப்டனின் ஆக்கள்

ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் அக்காவிடம் எதையும் கேட்க முடியாது. கேட்டால், "ஆள் உங்கைதானே நிக்கிறார், நேர கேளுங்கோவன்" என்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. கேட்டவரின் முழங்கையைப் பிடித்து அழைத்துப்போய் உரிய ஆளின் முன்னால் நிறுத்திவிட்டு, தானும் பக்கத்தில் நின்றுகொள்வார். ஜேர்மனியில் பீலெஃபெல்ட்டில் இருக்கும் எங்கள் சனத்துக்கு இது பழகக் கொஞ்சக் காலம் எடுத்தது. சிலருக்குக் கடைசிவரை பழகவில்லை.

ஒரு பிறந்தநாள் விழா. வாடகை மண்டபம், அடுக்கடுக்காகக் கேக், யாரும் யாருடனும் பேசமுடியாத அளவுக்குப் பாட்டுச் சத்தம். அடுத்த மேசையில் தனியாக இருந்த ஒரு பெண்ணைக் கண்ணால் காட்டி ஒருவர் அக்காவின் காதோடு கேட்டார்: அவளுடைய கணவனுக்கு உண்மையாகவே சுவிஸில் வேலையா, அல்லது விட்டுவிட்டுப் போய்விட்டானா? அக்கா கையை உயர்த்தி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"இஞ்சை ஒருக்கா வாங்கோ. இவ உங்கடை மனுசன் எங்கை எண்டு கேக்கிறா."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "விட்டிட்டுப் போட்டார்" என்று சொல்லிவிட்டு உணவு மேசைக்குப் போய்த் தட்டை எடுத்தாள். அன்றிலிருந்து அவள் அந்தச் சுவிஸ் கதையைச் சுமந்து திரிய வேண்டியிருக்கவில்லை. கேட்டவர்தான் மண்டபத்தின் மறுகோடிக்கு இடம் மாறினார்.

நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட அவர் இங்கே ஒரு தேவாலய அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். ஊரில், யாழ்ப்பாணத்தில், அமெரிக்கப் பாதிரிமார் கட்டிய பள்ளிக்கூடத்தில் படித்ததால் ஆங்கிலம் சுத்தமாக வரும். ஜேர்மன் மொழியை இங்கே வந்து, இலக்கணப் பிழை விட்டவர்களைத் திருத்தும் அளவுக்குப் படித்தார். பாடகர் குழுவைச் சேர்ந்த இரண்டு ஜேர்மன் மூதாட்டிகள் ஒருநாள் வந்து, பாதிரியார் வேறு ஊருக்கு விண்ணப்பித்திருக்கிறாராமே, மெய்யா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். அக்கா எழுந்து உள்கதவைத் திறந்து, உங்களிடம் ஒரு கேள்வி வந்திருக்கிறது என்று பாதிரியாருக்குச் சொன்னார். அவர் விண்ணப்பித்துத்தான் இருந்தார். இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்று சொன்னார். ஜேர்மானியர் அக்காவின் இந்தக் குணத்தை நேர்மை என்றார்கள். எங்கள் சனம் வேறொரு சொல் வைத்திருந்தது. அதை அச்சில் போட முடியாது.

அவருடைய தொலைபேசியிலும் இரகசியம் நிற்காது. இடது காது மந்தம், வலது காதில் கம்மல் குத்தும். அதனால் எந்த அழைப்பு வந்தாலும் ஒலிபெருக்கியை அழுத்தி மேசையில் வைத்துவிட்டு அப்பிளைத் துண்டு துண்டாக வெட்டி, மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுச் சாப்பிட்டபடி கதைப்பார். எடுத்தவர் என்ன சொன்னாலும் அறையிலிருக்கும் எல்லோருக்கும் சொன்னதாகத்தான் கணக்கு.

இப்படிப்பட்டவரிடம் சனம் எதற்காகப் போகவேண்டும் என்று கேட்கலாம். காரணம் எளிது. அவருக்குத் தெரியாத குடும்பம் இல்லை. எங்கள் பகுதி ஊர்களில் யார் யாருக்கு எந்த வழியில் உறவு, யார் எந்தக் காணியைச் சீதனமாகக் கொண்டுபோனார், எந்த வீட்டில் நீரிழிவு, எந்த வீட்டில் கோபம், எல்லாம் தெரியும். பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசும் தாய்மார் ஹனோவரிலிருந்தும் இன்னும் தூர இடங்களிலிருந்தும் அழைப்பார்கள். குடிப்பழக்கம், படிப்பு, நோய் வருத்தம் பற்றிக் கேட்டால் தான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்வார். எங்கள் விசாரிப்புகளில் கடைசியாக ஒரு கேள்வி வரும். குரல் இறங்கும். "அவை என்ன ஆக்கள்?" என்பார்கள். சாதி என்ற சொல் வாயில் வராது. நாங்கள் நாகரிகமானவர்கள். அந்தக் கேள்விக்குத்தான் அக்கா, ஆளையே கேளுங்கோ என்பார். ஆளைக் கேட்கக்கூடியதாக இருந்தால் அவரிடம் எதற்கு வரவேண்டும்?

எனக்கு இதில் சொந்த அக்கறை இருந்தது. நான் ஓய்வுபெறும்வரை நகரசபையின் குடியிருப்போர் பதிவு அலுவலகத்தில் வேலை செய்தேன். ஒருவர் வாய் திறக்குமுன்னரே அவர் எந்தப் பத்திரத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கிறார் என்று சொல்லக்கூடியவன். ஆட்களின் பெயர், பிறந்த இடம், தகப்பன் பெயர் கேட்பதுதான் என் தொழில். அக்கா புது முகவரியைப் பதிய முதன்முதலில் என் மேசைக்கு வந்தபோது என் பெயர்ப் பலகையை வாசித்தார், முகத்தைப் பார்த்தார். "நீங்கள் கணக்கு வாத்தியாற்றை மகன்" என்றார்.

என் அப்பா அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். அவருடைய அப்பா கள்ளுக்காகப் பனை சீவினவர். எங்கள் ஊரில் முதலாவது செய்தியைச் சனம் இலகுவில் மறந்துவிடும், இரண்டாவதை மறக்காது. அக்காவின் ஊர் எங்களுக்கு அடுத்த ஊர். இரண்டும் அவருக்குத் தெரியும். அது எனக்கும் தெரியும். அன்று கையொப்பம் போட்டுவிட்டுப் போனவர், பிறகு வருடக்கணக்காக எங்கு கண்டாலும் "வாத்தியாற்றை மகன்" என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததற்கு நான் நன்றிப்பட்டிருக்க வேண்டும். எப்போது சொல்வாரோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற பின்னும் அக்கா வாரத்தில் இரண்டு பிற்பகல் தேவாலய அலுவலகத்துக்குப் போய்வந்தார். அமெரிக்கர்களுக்குப் பதில் எழுதுவதற்கு. என் முன்னோர் உங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர், விபரம் தருக என்று அங்கிருந்து மாதாமாதம் கேட்டு எழுதுவார்கள். இந்தப் பகுதியில் அரசாங்கப் பதிவு தொடங்குமுன் பாதிரியார்தான் பதிவாளர். பழைய ஜேர்மன் கையெழுத்தை வாசிக்க மாலை வகுப்புக்குப் போய்ப் படித்திருந்தார் அக்கா. "அவையின்ரை ஆக்கள் எங்கடை ஊருக்கு வந்து எங்களைக் கொப்பியிலை எழுதினவை. இப்ப நான் அவையை எழுதுறன்" என்று சொல்லிச் சிரிப்பார். எந்த ஆவணம் எந்தக் காப்பகத்தில், எந்தப் பதிவு எத்தனை வருடத்துக்குப் பிறகு பொதுப் பார்வைக்கு வரும், விண்ணப்பத்தை யாருக்கு முகவரியிடுவது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நானும் ஓய்வில். வீட்டில் நிரப்புவதற்குப் படிவம் மிச்சமில்லாததால் அவருக்கு உதவப் போனேன்.

அப்படித்தான் கப்டன் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார்.

பென்சில்வேனியாவிலிருந்து ஒரு முதியவர் எழுதியிருந்தார். அவருடைய குடும்பத்தின் முதல் மனிதர் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பலேறியவர். அங்கே போய்ப் பெரும் நிலக்காரராகி, ஆற்றோரத்தில் ஆலை கட்டி, ஊர்காவல் படைக்குக் கப்டனாகவும் இருந்தார். அந்த நாடு இன்னும் பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த காலம் அது. ஊர்காவல் படையும் கப்டனும் ஒரே ஆளுக்குள் இருப்பது எங்கள் இருவருக்கும் விளங்க நேரமெடுத்தது. எங்கள் நாட்டில் ஊர்காவல் படை அரசாங்கத்துடையது, கப்டன் என்பது இயக்கப் பொடியளின் பட்டம்; இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று சுட்டுக்கொண்டவை.

கப்டனின் ஆக்கள் பிரபுக்களாக இருந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கரின் எண்ணம். மூன்று காட்டுப்பன்றித் தலைகள் கொண்ட ஒரு குலச் சின்னத்தை இணையத்தில் வாங்கியிருந்தார். வரும் கோடையில் நேரில் வந்து கோட்டையைப் பார்க்க விருப்பம். கடைசி வரியில், கப்டன் எவ்வகையான குடும்பத்திலிருந்து வந்தவர் என்று அறியத்தந்தால் நன்று என்று முடித்திருந்தார். அக்கா அந்த வரியை எனக்கு வாசித்துக் காட்டினார்.

"பாத்தியளோ தம்பி. இந்த மனுசனும் என்ன ஆக்கள் எண்டுதான் கேக்கிறார்."

அவர் சிரித்தார். நான் அளவாகச் சிரித்தேன்.

கப்டனின் குடும்பப் பெயர் ஒரு பண்ணையின் பெயர். இந்தப் பக்கத்துக் குடியானவர்களிடம் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது: ஒரு பண்ணையில் பெண் எடுத்து அங்கேயே குடிபுகும் ஆண், தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வான். பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் வேறு யாரோ வீட்டு வாசலில் போய்த்தான் நிற்போம். அமெரிக்கர் அப்படித்தான் காட்டுப்பன்றிகளிடம் போய்ச் சேர்ந்திருந்தார். கப்டனின் தகப்பனும் ஒரு விதவையைக் கலியாணம் செய்து பண்ணைக்குள் வந்தவர்தான். இதைக் கண்டதும் அக்காவுக்கு உற்சாகம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போறது எங்களுக்கென்ன புதுசோ என்றார்.

அந்த உற்சாகத்தில்தான் இருவரும் சேர்ந்து பிழை விட்டோம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போனால் அது சீதன வீடு; சீதன வீடு என்றால் தாயின் சொத்து; தாய்க்குப் பிறகு அது மகளுக்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்த தலைக்குள் இதைத்தவிர வேறொரு வழி தோன்றவே இல்லை. பண்ணை கப்டனின் ஏதோவொரு சகோதரிக்குப் போயிருக்கும் என்று முடிவுகட்டி அவளைத் தேடினோம். வாரக்கணக்கில் தேடினோம். நான் நான்கு நிறப் பேனாக்களால் ஒரு வம்ச வரைபடம் கீறினேன். என் உத்தியோக காலத்தில்கூட அவ்வளவு துப்புரவான பத்திரத்தைத் தயாரித்ததில்லை. ஆரம்பம் முதல் முடிவுவரை பிழை.

திருச்சபைக் காப்பகத்தில் வேலை செய்யும் தாடிக்காரர் அதை நெடுநேரம் பார்த்தார். உங்கள் நாட்டில் இப்படியா, நல்ல வழக்கம் என்றார் முதலில். பிறகு விளக்கினார். அந்தப் பண்ணை விதவையின் சொத்தே இல்லை. முதல் கணவனின் வழியில் வந்தது. அவனுடைய மகன் வளரும்வரை பண்ணையைக் கொண்டு நடத்தத்தான் இரண்டாவது கணவன். மகன் ஆளானதும் அவர் ஒதுங்கிவிட வேண்டும். அவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்குப் பண்ணையின் பெயர் கிடைக்கும். நிலத்தில் ஒரு சாண்கூடக் கிடையாது. அந்த இரண்டாவது கணவனின் சொந்த ஆக்கள், அதே பண்ணையின் வயலோரத்தில் ஒரு குடிசையில் இருந்து, வாடகைக்குப் பதிலாக உழைத்துக் கொடுத்தவர்கள்.

"அப்ப கப்டன் குடிசைக்காரற்றை பேரன்" என்றார் அக்கா என்னிடம் தமிழில். "பேரை மட்டும் கொண்டு கப்பலேறியிருக்கிறார். பாவம்."

அதை அப்படியே அமெரிக்கருக்கு எழுதினார். நான் கொஞ்சம் மெழுகி எழுதலாம் என்றேன். எளிய விவசாயப் பின்னணி என்பதுபோல. அக்கா கேட்கவில்லை. கூடவே இன்னொரு கேள்வியும் சேர்த்தார். அமெரிக்கர் கப்டனின் மரண சாசனத்தின் பிரதியை அனுப்பியிருந்தார். ஆலை, நிலம், குதிரைகள், இவற்றோடு "ஹன்னா என்னும் சிறுமி"யும் மூத்த மகனுக்கு என்று அதில் இருந்தது. மற்ற எல்லோருக்கும் தகப்பன் பெயர் இருந்தது. அவளுக்கு இல்லை. அடிமைப் பிள்ளை, குதிரைகளுக்கு அடுத்த வரியில் இருந்தாள். இந்தப் பிள்ளையின் ஆக்கள் யார் என்று அக்கா எழுதிக் கேட்டார். அமெரிக்கர் குடிசைக்கும் பதில் எழுதவில்லை, ஹன்னாவுக்கும் பதில் எழுதவில்லை. தான் வரும் ரயிலின் நேரத்தை மட்டும் அறிவித்தார்.

அந்தக் கோடையில்தான் என் மகள் தன் முடிவைச் சொன்னாள். ஹனோவரில் ஒரு பொடியன். பொறியியல் படித்தவன். அவனுடைய தாய் கணவனை இழந்தவர், துப்புரவு வேலை செய்து இந்த ஒரே பிள்ளையை ஆளாக்கியவர். பிள்ளைகள் இருவரும் இங்கே வளர்ந்தவர்கள். எவரையும் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்ய என்னென்ன பத்திரம் வேண்டும் என்று நானே பட்டியல் கொடுத்திருப்பேன். ஆனால் மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, அந்த அம்மா மனசோடை வந்து நிண்டாத்தான் கலியாணம். அவவிட்டையிருந்து பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு வர என்னாலை ஏலாது."

அந்தத் தாய் விசாரிக்கத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். விசாரிப்பு எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம்.

நான் முறைப்படி ஒரு மனுவோடு போனேன். வாய்மொழி மனு. ஹனோவரிலிருந்து ஓர் அழைப்பு வரும், தெரியாது என்று சொல்லிவிடுங்கோ என்றேன். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சதைத் தெரியாது எண்டு சொல்லோணுமோ?"

"ஒருக்கா மட்டும்."

"அப்ப சொல்லமாட்டன் எண்டு சொல்லுறன்."

அதில்தான் பொறியே இருந்தது. எல்லாம் தெரிந்த ஒருவர் சொல்லமாட்டேன் என்றால் எங்கள் சனத்துக்கு அதைவிட வெளிச்சமான பதில் வேண்டியதில்லை. உயர்ந்த ஆக்கள் என்றால் மறைப்பானேன்? இதைச் சொன்னேன். அக்கா கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வரட்டும், பாப்பம்" என்றார். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் எழுத்தில் வராத எதையும் நம்பாதவன், அன்று அந்த இரண்டு சொல்லோடு வீட்டுக்கு வந்தேன்.

அமெரிக்கர் வந்திறங்கினார். உயரமான, மெதுவாகப் பேசும் மனிதர். தலையில் தொப்பி, தொப்பியில் மூன்று காட்டுப்பன்றிகள். என் காரில் மூவரும் பண்ணைக்குப் போனோம். இப்போது அது குதிரையேற்றம் பழக்கும் இடம். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு வயலோரமாக நடந்து, கப்டனின் பாட்டனுடைய குடிசை இருந்த இடத்தை அக்கா கண்டுபிடித்தார். அங்கே ஒரு தகரக் கூரையின் கீழ், நாணயம் போட்டால் முட்டையும் உருளைக்கிழங்கும் தரும் ஒரு தானியங்கி நின்றது.

அமெரிக்கர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். கோட்டை எதிர்பார்த்து வந்தவரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அக்காவுக்குச் சங்கடம் கிடையாது. கிட்டப் போய், நான் எழுதிக் கேட்டதற்கு நீங்கள் பதில் தரவில்லை, இப்போது நேரே கேட்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அந்தப் பிள்ளை ஹன்னாவின் ஆக்கள் யார்?

அவர் தொப்பியைக் கழற்றினார். எங்கள் வீட்டில் அவளை உதவிக்கு இருந்த பெண் என்று சொல்வார்கள், அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை என்றார். கப்டனைத் தேட இவ்வளவு வருடம் செலவழித்தேன், அவளை ஒருநாளும் தேடவில்லை. கொஞ்சம் பொறுத்து, தேடுகிறேன் என்றார். அக்கா தலையசைத்தார். அமெரிக்கர் தொப்பியைத் திரும்பப் போடாமல் சட்டைப்பையிலிருந்து நாணயங்களை எடுத்துத் தானியங்கியில் போடத் தொடங்கினார். கப்டனின் மண்ணில் விளைந்த கிழங்கை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாராம். மண் ஒட்டிய கிழங்கை அமெரிக்கச் சுங்கத்தில் விடமாட்டார்கள் என்று நான் விதியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்காவின் தொலைபேசி அடித்தது.

வழக்கம்போல் ஒலிபெருக்கி. வழக்கம்போல் முதலில் சுகம், மழை, முழங்கால் வலி. ஹனோவர்க் குரல் என்று எனக்கு முழங்கால் கதையிலேயே தெரிந்துவிட்டது. பிறகு அந்தக் குரல் இறங்கியது.

"அக்கா, உங்கடை இடத்திலை பதிவுக் கந்தோரிலை இருந்தவரெல்லோ ஒருத்தர். அவற்றை மகளைத்தான் என்ரை பொடியன் விரும்பியிருக்கிறான். அவை என்ன ஆக்கள் அக்கா?"

வேலிக்கு அப்பால் இரண்டு குதிரைகள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"என்ரை வாத்தியாற்றை மகன்" என்றார். "எனக்குக் கணக்குப் படிப்பிச்ச மனுசன். அவர் இல்லாட்டி நான் கந்தோர் வாசலைக் கண்டிருக்கமாட்டன். நான் சொல்லக்கூடியது அதுதான். மிச்சத்துக்கு ஆள் பக்கத்திலைதான் நிக்கிறார். நேர கேளுங்கோ."

தொலைபேசியை என் கையில் வைத்தார்.

அது சூடாக இருந்தது. எதிர்முனையிலிருந்து, "வணக்கம் அண்ணை. சுகமா இருக்கிறியளோ?" என்றது குரல்.

"ஓம், இருக்கிறன். என்னவோ கேக்கவேணும் எண்டனீங்கள்."

"இல்லை அண்ணை... பிள்ளை மாட்டிறைச்சி சாப்பிடுவாவோ எண்டு..."

"சாப்பிடுவா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண்ணும் அதைத்தான் விரும்பியிருப்பார். ஆனால் பெயர், பிறந்த இடம், தகப்பன் பெயர் என்று பிறரிடம் கேட்டே ஓய்வுபெற்றவன் நான். எனக்குரிய பத்தியை நானே நிரப்பினால் என்ன என்று தோன்றியது. "தங்கச்சி, நீங்கள் கேக்க வந்ததை நானே சொல்லுறன். என்ரை அப்பப்பா பனை சீவினவர். அப்பா வாத்தியார். நான் கந்தோரிலை இருந்தனான். பிள்ளை மருந்துக் கடையிலை வேலை. இனி நீங்கள் ஒருத்தரிட்டையும் விசாரிச்சு அலையத் தேவையில்லை."

"நான் பிறகு எடுக்கிறன் அண்ணை" என்றார். அழைப்பு நின்றது.

என்ன நடந்தது என்று அமெரிக்கர் கேட்டார். இதுவும் ஒரு குடும்ப வரலாற்று விசாரணைதான் என்றேன். தனக்கு விளங்குகிறது என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, கிழங்குப் பையை என்னிடம் தந்தார்.

அவரை நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். இரண்டு சமிக்ஞை விளக்குகளைத் தாண்டியபின் அக்கா கேட்டார். "கோவமோ?"

"ஓம்."

"இருக்கட்டும். தம்பி, அதை நான் சொல்லியிருந்தா அது கோள். நீங்கள் சொன்னா அது விலாசம்."

முகவரி பதிந்து சம்பளம் வாங்கியவனிடம் இதைச் சொன்னார்.

ஹனோவரிலிருந்து நாட்கணக்கில் ஒன்றும் வரவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்து விடயத்தைக் கறந்துவிட்டாள். பனை சீவிய கொள்ளுப்பாட்டனைப் பற்றி அவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு உயரம் என்பது. அடுத்தது, இடுப்பில் கயிறு கட்டுவார்களா என்பது. இல்லை, காலில் மட்டும் ஒரு தளைநார் என்றேன். அவள் வாரம் தவறாமல் செயற்கைச் சுவரில் ஏறும் மண்டபத்துக்குப் போகிறவள். "நான் காசு குடுத்து ஏறுறன். அவருக்குக் காசு குடுத்து ஏத்தியிருக்கினம்" என்று சொல்லிவிட்டு, அவருடைய படம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அது அவளுக்குக் கவலையாக இருந்தது. எனக்குத் தெரிந்து, அந்த மனிதரின் படம் இல்லையே என்று எங்கள் குடும்பத்தில் கவலைப்பட்ட முதல் ஆள் அவள்தான்.

பிறகு ஒருநாள் என் தொலைபேசி அடித்தது. அக்காவுடையது அல்ல, என்னுடையது.

"அண்ணை, நேர கேப்பம் எண்டு எடுத்தனான்" என்றது ஹனோவர்க் குரல். "ஞாயிற்றுக்கிழமை வந்தா வீட்டிலை நிப்பியளோ?"

அக்கா இப்போது இல்லை. அந்தக் கலியாணம் முடிந்த பிறகு மகனோடு இருக்கக் கனடா போனார், அங்கேயே காலமானார். இறுதிச் சடங்கை நான் தொலைபேசித் திரையில்தான் பார்த்தேன். அமெரிக்கர் இன்றும் எனக்கு எழுதுகிறார். கப்டனைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்பதில்லை. ஹன்னாவைத் தேடுகிறார். ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு தேடுவது கடினம். எந்தக் காப்பகத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று நான் விசாரித்துச் சொல்கிறேன். ஒவ்வொரு மின்னஞ்சலின் முடிவிலும் அக்காவை நினைத்துக்கொள்வதாக எழுதுவார். நானும் அப்படியே எழுதி அனுப்புவேன். எனக்கு அது மரியாதைக்கு எழுதும் வரி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் ஊரில் பெரிய ஆக்கள் என்று தங்களை நினைப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு அலுவலாக வந்தால் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள் என்பார்கள். அவர்களைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று அம்மா மூடி திறக்காத சோடாப் போத்தல் சிலவற்றை எப்போதும் வைத்திருப்பார். கடையில் அடைத்தது, எங்கள் கை படாதது. அன்று காலை நான் என்னையறியாமல் கடைக்குப் போய், மூடி திறக்காத வாயுத் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கிவந்து மேசையில் வரிசையாக அடுக்கியிருந்தேன். அடுக்கி முடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது. எடுத்து ஒளிக்க நேரமிருக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

சின்ன உருவமான பெண். கைகள் மட்டும் பெரியவை. மகனும் வந்திருந்தான். அக்கா ஏற்கனவே வந்து யன்னலோரக் கதிரையில் அப்பிள் வெட்டிக்கொண்டிருந்தார். கப்டனின் கிழங்கில் என் மனைவி பிரட்டல் கறி வைத்திருந்தாள். அந்தப் பெண் சாப்பிட்டார். சாப்பிட்டதும் போத்தல்களைப் பார்த்தார். நான் ஒன்றைத் திறக்கக் கையை நீட்டினேன்.

"உந்தக் காஸ் தண்ணி வேண்டாம் அண்ணை. பைப்புத் தண்ணி இருந்தாத் தாங்கோ."

குசினிக்குப் போனேன். நாங்கள் அன்றாடம் குடிக்கும் கண்ணாடிக் கோப்பையை எடுத்து, குழாயைத் திறந்து நிரப்பினேன். வாயு பிடிக்காததால் கேட்டாரா, வேறு எதற்காகவோ கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். வெறும் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் மனைவியோடு ஏதோ கதைக்கத் தொடங்கினார். நான் அந்தக் கோப்பையைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன் போலும்.

யன்னலோரத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"என்ன தம்பி பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இன்னும் வேணுமோ எண்டு நேர கேளுங்கோவன்."

கேட்டேன்.

"ஓம், தாங்கோ அண்ணை" என்று கோப்பையை நீட்டினார்.